ஐயப்பன்தாங்கல் டீக்கடைகளை வரையப்போகும் மாணவ ஓவியருக்கு

போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் இருக்கிறது ஐயப்பன்தாங்கல். மாநகரப் பேருந்து டிப்போ இருக்கும் ஊர். கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்திலும் ஒரு நிலையம். இவ்வூர்க் கடைகளைப் பற்றிக் கல்லூரி பிராஜெக்டாகப் படங்களோடு ஒரு பிரோஷர் செய்யும் மாணவருக்கு முதல் வேலை, கடைகளைத் தேர்ந்தெடுப்பது. டிப்போவை ஒட்டிய டீக்கடைக்கும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஏசி போட்டு நடக்கும் காபி ஷாப்புக்கும் வருகிற ஆள் வேறு, நேரம் வேறு, நிற்கும் விதமே வேறு. இருபது கடைகளின் பட்டியலைச் செல்போனே தந்துவிடும். நான்கைந்து கடைகள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் சேர்த்தோம் என்று ஒரே வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தைக் கடையில் நின்றுதான் வரைய வேண்டும். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். அந்தக் கோடுகளின் நம்பகத்தன்மை அங்கிருந்து வந்தது. டீக்கடையில் சிற்பம்போல அசையாமல் நிற்பது பாய்லர் ஒன்றுதான்; மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் ஆற்றும்போது ஒரு கை தலைக்கு மேலே போகிறது, மற்றது இடுப்பருகே நிற்கிறது. விழும் டீ குவளையின் விளிம்பில் பட்டையாகத் தொடங்கி, இறங்க இறங்க மெலிந்து, கீழே நுரைக்குள் போய் முடிகிறது. நினைவிலிருந்து வரைபவர்கள் இதைத் தலை முதல் கால் வரை ஒரே தடிமனில் நாடாபோலப் போட்டுவிடுவார்கள். டம்ளரிலும் இதே சிக்கல்தான்: கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் டம்ளரின் வாய் சப்பையாகவும், அடிப்பக்கம் அதைவிட உருண்டும் தெரியும். டிகாஷன் வடிகட்டும் துணிப்பையில் ஏறியிருக்கும் கறையே பிரோஷர் முழுவதற்கும் வேண்டிய பழுப்பு நிறத்தைக் கொடுத்துவிடும்.

கடைக்காரரின் அனுமதி முன்னாலேயே வாங்க வேண்டியது. கூட்ட நேரத்தில் கல்லாவை மறைத்துக்கொண்டு நின்றால் அடுத்த நாள் வரவேற்பு இருக்காது. வாடிக்கையாளர்களை அடையாளம் தெரியாதபடி, முதுகுப் பக்கமாக வரைவது மரியாதை.

கடைக்கான நேரம் முடிந்ததும் காகிதத்துக்கான நேரம். மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். மூன்றாக மடிக்கும் பிரோஷருக்கு எடுக்கும் ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அதை மூன்று சம பாகமாகப் பிரித்தால் பாகத்துக்கு 99 வரும். ஆனால் உள்ளே மடங்கும் பாகம் சற்றுக் குறுகலாக இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு தாள் உப்பும். ஆகவே 100, 100, 97 என்று பிரிப்பது வழக்கம். தாளின் வெளிப்பக்கத்தில் இடமிருந்து உள்மடிப்பு, பின்னட்டை, முன்னட்டை என்ற வரிசை. உட்பக்கத்தில் அந்த 97 மில்லிமீட்டர் பாகம் வலது கோடிக்குப் போய்விடும். திரையில் பார்த்து இதைப் பிடிப்பது கடினம். வெள்ளைத் தாளை மடித்து, பென்சிலால் எண் போட்டு, ஒரு டம்மி செய்துவிட்டால் குழப்பம் தீரும். விரித்ததும் ஒன்றாகத் தெரியும் உட்பக்கத்து மூன்று பாகங்களும் சாலை வரைபடத்துக்கு ஏற்றவை: டிப்போவை ஓர் ஓரத்தில் வைத்து, கடைகளை நடந்து போகும் வரிசையில் காட்டலாம். முகங்களும் கடைப் பெயர்களும் மடிப்புக்கோட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தும் படத்துக்குச் சமமான வேலை. லேஅவுட் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். இப்படி அச்சான தமிழ் எத்தனையோ நல்ல படங்களைக் கெடுத்திருக்கிறது. முக்த மலர், கேட்டமரான், நோட்டோ தமிழ் ஆகிய யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் போடும் சிறிய எழுத்தில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளை மை அடைத்துவிடும். அங்கே எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். வாசகம் கடையில் கேட்கும் பேச்சாக இருந்தால் நன்று: “அண்ணே, ஒரு ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி” என்பது ஒரு பத்தி வர்ணனையைவிடக் கடையைக் கண்முன் கொண்டுவரும்.

சில நூறு பிரதிகள் வரை டிஜிட்டல் பிரிண்ட்தான் கட்டுப்படியாகும். கோட்டோவியத்துக்குப் பளபளக்கும் ஆர்ட் பேப்பரைவிட மேப்லித்தோ பொருந்தும். தாள் கனமாக இருந்தால் மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புத் தடம்) போட வேண்டும். இல்லையேல் மடிப்பில் மை வெடிக்கும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் படப்பகுதி) விட வேண்டும், கறுப்பு எழுத்தை ஒற்றைக் கறுப்பு மையிலேயே அமைக்க வேண்டும்.

விலையை அச்சிட்டால் சீக்கிரம் பழசாகும். சாலையோரக் கடைகள் இடமும் மாறும். எனவே பின்னட்டையில் மாதமும் ஆண்டும் இருப்பது அவசியம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கடைக்காரரிடமும் அவருடைய பக்கத்தைக் காட்டி, பெயரின் எழுத்தையும் கடை திறக்கும் நேரத்தையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அச்சாகி வந்ததும் துறைக்குக் கொடுக்கும் பிரதிகளோடு, கடைக்கு நான்கைந்து என்று கல்லாவில் வைக்கவும் சேர்த்து அடிப்பது முறை.