லேப்டொப் ஓன் ஆகவில்லை என்றால் என்ன செய்வது? – வீட்டுக்கான ஒரு பாடம்



இந்தப் பக்கத்தில் நாம் வழக்கமாகப் பிள்ளைப் பராமரிப்பு, குடிநீர், சேமிப்பு என்று பேசுவோம். இம்முறை எடுத்திருப்பது வேறொரு விடயம். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு சீட்டுப் பிடித்தும், நகையை அடகு வைத்தும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் மூலமும் பல லயங்களுக்கு லேப்டொப் வந்துவிட்டது. பெரும்பாலானவை ஏற்கெனவே யாரோ பாவித்தவை. அது ஒருநாள் திடீரென்று ஓன் ஆகாவிட்டால் வீடே கலங்கிப் போகிறது.

சில மாதங்களுக்கு முன்னர் மேற்கணக்கைச் சேர்ந்த ஒரு தாய், லேப்டொப்பைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெறுபவர். விடுமுறைக்கு வந்த இடத்தில் மெசின் ஓன் ஆகவில்லை. "சேர், மகளோட பாடக் குறிப்பு, அறிக்கை எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்குது. வர்ற திங்கக்கெழம குடுக்கணுமாம். டவுன்ல காட்டினோம். போர்ட் போயிருச்சு, முப்பத்தெட்டாயிரம் ஆகும்னு சொல்றாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

"சாஜரையும் கொண்டு போனீங்களாம்மா?" என்று கேட்டோம். "இல்ல சேர், மெசின மட்டுந்தான் கொண்டு போனோம்" என்றார். அந்த ஒரு பதிலில்தான் இன்றைய பாடம் முழுவதும் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

பீலியை நினைத்துக்கொள்ளுங்கள்

காலையில் பீலியில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பீலியையா உடைக்கிறோம்? குழாய் வழியே மேலே ஏறிப் போய், எங்கே கழன்றிருக்கிறது, எங்கே இலை அடைத்திருக்கிறது என்று ஊற்று வரைக்கும் பார்க்கிறோம். லேப்டொப்புக்கும் அதே முறைதான். சுவரில் இருந்து பிளக், வயர், சாஜர் பெட்டி, மெசினில் செருகும் முனை, பெட்டரி என்று கரண்ட் ஒரு வழியாக வருகிறது. அந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். மெசினின் உள்பக்கம் கடைசியில்தான்.

முதலாவது: ஒன்றுமே இல்லையா, திரை மட்டும் இருட்டா?

பட்டனை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் வருகிறதா? ஏதாவது சின்ன லைட் எரிகிறதா? கேப்ஸ் லொக் பட்டனை அழுத்தினால் அதன் லைட் எரிந்து அணைகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மெசினுக்குக் கரண்ட் போகிறது. திரையிலோ வேறிடத்திலோதான் பிழை. அறையை இருட்டாக்கி, திரைக்குச் சாய்வாக டோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் திரைக்குப் பின்னால் உள்ள விளக்குத்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் டிவியில் இணைத்தும் பார்க்கலாம். பென் டிரைவ் முதலியவை செருகியிருந்தால் கழற்றிவிட்டு மறுபடி ஓன் செய்யுங்கள். சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது: சுவரில் கரண்ட் இருக்கிறதா?

அதே பிளக் பொயின்ட்டில் ஒரு போன் சாஜரைச் செருகிப் பாருங்கள். போன் ஏறவில்லை என்றால் மெசினில் குற்றம் இல்லை. பொயின்ட்டையும் ட்ரிப் சுவிட்சையும் கவனியுங்கள். 2017 இல் சதுர முள் உள்ள 13 அம்பியர் பிளக் நாட்டின் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பழைய லயங்களில் வட்ட முள் பொயின்ட்டுகள் இன்னும் உண்டு. இடையில் மாற்றுப் பிளக்கைச் செருகும்போது அது தளர்ந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அது சூடாகினால் உடனே மாற்றிவிடுங்கள்.

பலர் அறியாத ஒன்று: சதுர முள் பிளக்கின் உள்ளே ஒரு சின்னப் பியூஸ் இருக்கிறது. அது போனால் வயர் நல்லதாக இருந்தாலும் கரண்ட் வராது. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு அந்தப் பியூசை எடுத்து, அதே அம்பியர் இலக்கமுள்ள புதியதைப் போடலாம். வெள்ளித்தாள், கம்பி போன்றவற்றைச் சுற்றவே கூடாது. அது லயத்துக்கே நெருப்பு வைக்கும் வேலை.

மூன்றாவது: சாஜர் வேலை செய்கிறதா?

பல சாஜர் பெட்டிகளில் ஒரு சின்ன லைட் இருக்கும். சுவரில் போட்டதும் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால், சுவருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள வயரை மாற்றிப் பாருங்கள். அந்த வயர் பெட்டியிலிருந்து கழன்று வரும். எட்டு என்ற இலக்கம் போல இரண்டு துளை உள்ள முனையென்றால், பல வீடுகளில் ரேடியோவுக்கும் டிவிடிக்கும் இருக்கும் அதே வயர்தான் அது. மூன்று துளை உள்ளதென்றால் பக்கத்து வீட்டு லேப்டொப் சாஜரின் வயரைச் சற்று வாங்கிப் பார்க்கலாம். மெசினில் செருகும் முனை ஆடுகிறதா, துளைக்குள் தூசி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மேலே சொன்ன தாயின் வீட்டில் நடந்தது இதுதான். மாலையில் அவர் சாஜரையும் கொண்டு வந்தார். லைட் எரியவில்லை. எமது அலுவலக ரேடியோவின் வயரைக் கழற்றிப் போட்டோம். லைட் எரிந்தது. அரை மணித்தியாலம் கழித்துப் பட்டனை அழுத்த, மெசினும் ஓன் ஆகியது. கட்டில் கால் நசுக்கி வயர் உள்ளே அறுந்திருக்கிறது. பெட்டரியும் வற்றிவிட்டதால் மெசின் செத்தது போலக் கிடந்திருக்கிறது. சாஜர் இல்லாமல் போன மெசினைப் பார்த்துக் கடைக்காரர் போர்ட் என்று சொல்லிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆகவே கடைக்குப் போனால் சாஜரையும் கட்டாயம் கொண்டு போங்கள்.

இரவல் சாஜர் போடும்போது ஓர் எச்சரிக்கை. முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் செருகாதீர்கள். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும். வோல்ட் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும் (பலவற்றில் 19 அல்லது 20). அம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். டைப்-சி முனையுள்ள மெசின்களைப் போன் சாஜரில் போட்டுவிட்டு "ஏறுதில்லையே" என்று வருந்துகிறவர்களும் உண்டு. சாதாரண போன் சாஜரின் வலு போதாது. பல மெசின்களுக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும்.

நான்காவது: தேங்கிய கரண்ட்டை இறக்குங்கள்

சாஜர் நல்லது, ஆனாலும் ஓன் ஆகவில்லை என்றால் சாஜரைக் கழற்றுங்கள். பெட்டரி வெளியே கழன்று வரும் மாதிரியானால் அதையும் கழற்றுங்கள். பிறகு ஓன் பட்டனை 30 செக்கன் வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நின்ற கரண்ட் இறங்கிவிடும். இப்போது பெட்டரி இல்லாமல் சாஜரை மட்டும் செருகி ஓன் செய்யுங்கள். பெட்டரி உள்ளே பூட்டப்பட்ட மெசினென்றால் அதைத் தொடாமல் மற்றதை அப்படியே செய்யலாம். காசில்லாத இந்த வேலையில் குணமான மெசின்கள் நிறைய. பல மாதம் பெட்டிக்குள் வைத்திருந்த மெசினென்றால் பொறுமை வேண்டும். சாஜரில் போட்டு அரை மணித்தியாலம் விட்டுவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

ஐந்தாவது: எங்கள் மலைநாட்டுக் குளிரும் ஈரமும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லின் மேல் பனி உறைவதுண்டு. குளிரில் கிடந்த மெசினைத் திடீரென்று சூடான இடத்துக்குக் கொண்டு வந்தால், குளிர்ந்த கண்ணாடியில் நீர் முத்துவது போல உள்ளேயும் ஈரம் பூக்கும். அந்த நேரம் ஓன் செய்தால் கெட்டுப் போகலாம். இரண்டு மணித்தியாலமாவது சும்மா வைத்துவிட்டுப் பிறகு ஓன் செய்யுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைக்காதீர்கள். கூரை ஒழுகியோ, தேத்தண்ணி கொட்டியோ நனைந்தால் பட்டனைத் தொடவே வேண்டாம். சாஜரைக் கழற்றி, ஓடிக்கொண்டிருந்தால் அணைத்து, கவிழ்த்து வைத்துத் திருத்துபவரிடம் கொண்டு போங்கள்.

இடி மின்னலும் அப்படித்தான். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி கூடுதலாக இருக்கும். வானம் இருளும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு தொடாதீர்கள். கரண்ட் போய் வரும் நேரத்திலும் கவனம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. இப்படிப் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். வந்த வேகத்தில் ஏறி இறங்கும் கரண்ட்தான் பல சாஜர்களைக் கொல்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்?

பெட்டரி வீங்கி மெசினின் அடிப்பக்கமோ விசைப்பலகையோ உப்பியிருந்தால், தீய்ந்த மணம் வந்தால், அதோடு வேலையை நிறுத்துங்கள். சாஜரில் போடாதீர்கள். வீங்கிய பெட்டரியைக் குத்துவதோ, அமத்துவதோ, அடுப்பில் போடுவதோ உயிராபத்து. சாஜர் பெட்டியை உடைத்துத் திறக்கவும் வேண்டாம். அதற்குள் வருவது சுவரின் 230 வோல்ட். படிகளையெல்லாம் பார்த்தும் மெசின் அசையவில்லை என்றால் உண்மையிலேயே போர்ட் போயிருக்கலாம். அதைக் கடையில்தான் பார்க்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது

இங்கே எமது தவறையும் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் எமது அலுவலக லேப்டொப் ஓன் ஆகவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒரு கடையில் கொடுத்தோம். திருத்தித் தந்தார்கள், ஆனால் உள்ளே எல்லாம் துடைத்திருந்தது. பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளின் மூன்று வருட நிறைப் பதிவு போனது போனதுதான். தாய்மாரிடம் மீண்டும் மீண்டும் கார்டைக் கேட்டு எழுதினோம். வெட்கமாக இருந்தது.

எனவே நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: மெசின் வேறு, அதற்குள் இருக்கும் படிப்பு வேறு. மெசின் ஓன் ஆகாவிட்டாலும் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பல மெசின்களில் அதைக் கழற்றி வேறு மெசினில் போட்டு எடுக்கலாம். ஆகவே, "டிஸ்க்கில் உள்ளதை அழிக்க வேண்டாம்" என்று சொல்லி, துண்டில் எழுதியும் வாங்குங்கள். செலவை முதலில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். புதிய வின்டோஸ் மெசின்கள் சிலவற்றில் டிஸ்க்குக்குப் பூட்டு உண்டு. போர்டை மாற்றினால் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். பிள்ளையின் மைக்ரோசொப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்றே பார்த்து, கொப்பியில் எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிழமைக்கு ஒரு தடவை முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவில் பதிந்து, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்த மகள் திங்கட்கிழமை அறிக்கையைக் கொடுத்துவிட்டாராம். தாய் ரேடியோ வயரைத் திருப்பித் தர வந்தபோது, "முப்பத்தெட்டாயிரத்துக்குத் தோடு ரெண்டையும் வைக்கப் பார்த்தேன் சேர்" என்றார். பதறாத காரியம் சிதறாது.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்:

1. உங்கள் சாஜரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் எவ்வளவு?

2. இன்று மெசின் நின்றுவிட்டால் பிள்ளையின் படிப்பு வேறு எங்கே பதிந்திருக்கிறது?

3. கடைக்குப் போகும்போது மெசினோடு எதையும் கொண்டு போக வேண்டும்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் இந்தப் பாடத்தை முதலிலிருந்து ஒருதரம் வாசிப்பார்களாக!