வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு நாம் சொல்லிவைக்க வேண்டியவை

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும் மார்கழியில் நத்தாருக்கும் கனடா, சுவிஸ், பிரான்ஸ் முதலிய நாடுகளிலிருந்து எமது உறவினர் வருகின்றனர். என்ன கொண்டுவருவது என்று கேட்பார்கள். உடம்பை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று கேட்பவர் குறைவு. உல்லாசப் பிரயாணி புறப்படுமுன் வைத்தியரிடம் போகிறார். நம்மவரோ "எங்கட ஊர்தானே" என்று வந்துவிடுகிறார்.

இதன் விளைவை அந்நாடுகளின் வைத்தியர்கள் நன்கு அறிவர். அங்கு நெருப்புக்காய்ச்சலுடன் திரும்புவோரிற் பெரும்பாலோர் உறவினரைப் பார்க்கச் சொந்த நாட்டுக்குப் போனவர்களே. காரணம் எளிது. அவர்கள் ஹோட்டலில் தங்குவதில்லை. கிராமத்தில் வாரக்கணக்காகத் தங்கி எமது கிணற்று நீரைக் குடித்து, நாம் உண்பதை உண்கிறார்கள். செத்தவீடு என்றால் இரண்டு நாளில் விமானம் ஏறுகிறார்கள்.

செங்கமாரியை எடுத்துக்கொள்வோம். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் அது பரவியதை எம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி 'ஏ' சிறுபிள்ளைக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாமல் வந்துபோகும். பின்னர் அது அவரைத் தொடாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் காப்பு இல்லை. வளர்ந்தபின் வந்தால் கடுமையாகவே வரும். எனவே ஈரல் அழற்சி 'ஏ'க்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போட்டு வரும்படி கேளுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் வைத்தியரைக் காண்பது நல்லது. அவசரப் பயணமானாலும் போகட்டும். ஈரல் அழற்சி 'ஏ' ஊசி புறப்படும் தறுவாயில் போட்டாலும் பயன் தரும். சின்னமுத்து ஊசி பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். இது எமது பிள்ளைகளுக்காகவும்தான். நாட்டில் ஒழிந்ததாக 2019 இல் அறிவிக்கப்பட்ட சின்னமுத்து 2023 இல் மறுபடியும் பரவியது.

பழையவர்கள் மலேரியாவுக்கே பயப்படுவார்கள். 1999 இல் இலங்கையில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பீடித்தது. ஆனால் 2012 க்குப்பின் உள்ளூரில் தொற்றியவர் இல்லையென்பதால் 2016 இல் உலக சுகாதார நிறுவனம் எமது நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இங்கு வருவதற்கு அந்தக் குளிசை தேவையில்லை. வழியில் இந்தியாவில் தங்குவோர் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இப்போது பயப்பட வேண்டியது டெங்கு. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். வடக்கில் மாரி மழையோடு, அதாவது உறவினர் வரும் மார்கழி, தை மாதங்களிலேயே அது பெருகும். நீண்ட கை உடுப்பும் நுளம்புப் பூச்சு மருந்தும் அவர்கள் கொண்டுவரட்டும். சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு இவற்றில் நீர் தேங்காமற் பார்ப்பது எமது வேலை. காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரொஃபன் கூடவே கூடாது. அவர்களின் பெட்டியில் இவை தாராளமாக இருக்கும், கவனியுங்கள்.

சலரோகக்காரர் இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும். விமானத்தின் அடித்தட்டில் போகும் பெட்டியில் அது உறைந்து கெடலாம். எமது வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று வெட்கப்பட வேண்டாம். பெரிய மண்சட்டிக்குள் சிறிய மண்சட்டியை வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால் வெக்கையிலிருந்து அதைக் காக்கலாம். மணல் காயாமல் நீர் தெளித்துவர வேண்டும்.

பிள்ளைகள் வயலில் இறங்க ஆசைப்படுவார்கள். காலில் புண் இருந்தால் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அவ்வழியே வரும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பலிகொண்டது. தெருநாயைத் தடவப் போகும் பிள்ளையையும் தடுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். விருந்தாளிக்கு மட்டும் தனிப் போத்தல் வாங்க வேண்டியதில்லை; வீட்டார் எல்லாரும் அதையே குடிக்கலாம்.

திரும்பிப் போனபின் காய்ச்சல் கண்டால், இலங்கைக்குப் போய்வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் முதலிலேயே சொல்லும்படி வழியனுப்பும்போது ஞாபகப்படுத்துங்கள்.