பேசிக்கொண்டே ஓடுங்கள்



ஓட்டத்தைப் பற்றி நான் பதினெட்டு வருஷமாகப் பேசி வந்திருக்கிறேன். கொரிந்து பட்டணத்துக்கு அருகே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்துமியப் பந்தயங்கள் நடந்தன, அங்கே ஜெயித்தவனுக்கு இலைகளால் பின்னின கிரீடம் வைத்தார்கள், அது சீக்கிரம் வாடிப்போகும் என்று வேதாகமக் கல்லூரியில் படித்ததை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால், பஸ்ஸைப் பிடிக்க ஓடினதைத் தவிர நான் ஓடினவன் அல்ல.

எங்கள் வாலிபத் தம்பி ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தார். "பாஸ்டர், ஓட்டத்தப் பத்தி இவ்வளவு சொல்றீங்களே, ஒரு தரம் எங்ககூட ஓடித்தான் பாருங்களேன்" என்றார். சென்னையில் ஜனவரி மாதம் நடக்கிற ஒரு அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, நாங்கள் நாலு பேர் பெயர் கொடுத்தோம். 26 வயதான அந்தத் தம்பி, ஆட்டோ ஓட்டுகிற ஒரு சகோதரர், ரயில்வேயில் வேலை பார்க்கிற 55 வயது அண்ணன், 46 வயதான நான். அண்ணனுக்குப் பத்து வருஷமாகச் சுகர் உண்டு. அப்போது ஆகஸ்ட் மாதம். கையில் ஐந்து மாதம் இருந்தது.

போதகன் எழுதினால் மூன்று குறிப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்தப் பாடத்தில் என்னிடம் ஒரே குறிப்புதான் உண்டு. அதையும் நாங்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே விதி, வேகமாக ஓடினால்தான் பயிற்சி என்பது. விடியற்காலம் ஐந்து மணிக்கு மெரினாவில் கூடுவோம். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் போய்த் திரும்புவது எங்கள் பாதை. தம்பி முன்னால் பறப்பார். அவரை விடக்கூடாது என்று ஆட்டோ சகோதரர் விரட்டுவார். 'பாஸ்டர் பின்தங்கினார்' என்று பெயர் வரக்கூடாதே என்று நானும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அண்ணன் தனியாக வருவார். "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வர்றேன்" என்பார். நாங்களும் போய்விடுவோம். அவர் பெருந்தன்மையாகச் சொல்லுகிறார் என்று நினைத்தோம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு 9 கிலோமீட்டர் என்று முடிவு பண்ணியிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் கலங்கரை விளக்கத்தைத் தொட்டுத் திரும்பி வருகிறோம். பாதி வழியில், சர்வீஸ் ரோட்டு ஓரத்தில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். நடுவில் எங்கள் அண்ணன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

சைக்கிளில் டீ விற்கிற ஒரு பெரியவர்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்திருந்தார். "குடிச்சிட்டு விழுந்துட்டார்னு எல்லாரும் விலகிப் போனாங்க ஐயா. எங்க வீட்டுலயும் சுகர் இருக்கு, அதான் எனக்குப் புரிஞ்சுது" என்றார். நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, சூடு ஆற்றி, மெதுவாகக் குடிக்க வைத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் அண்ணன் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் அவர் முதலில் சொன்னது, "டைம் என்ன ஆச்சு? நீங்க முடிச்சிட்டீங்களா?" என்பதுதான். எனக்குத் தலை நிமிரவில்லை.

நடந்தது என்ன என்பதை மருத்துவர் பிறகு விளக்கினார். ஓடும்போது தசைகள் இரத்தத்திலிருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், உடம்பை இன்சுலின் அதிகமாகச் சுரக்கவைக்கிற சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் மருந்தும் ஓட்டமும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடலாம். அண்ணன் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், "ஓடிட்டு வந்து சாப்பிட்டுக்கலாம்" என்று. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் அதன் அறிகுறிகள். நினைவு இருக்கும்போதே 15 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், கொடுத்துவிட்டு 15 நிமிஷம் கழித்துச் சோதித்துப் பார்க்கவேண்டும். இறங்கியே இருந்தால் மறுபடியும் கொடுக்கவேண்டும். நினைவு தப்பிப்போனவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நீண்ட தூரம் ஓடின அன்று ராத்திரி தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கலாம் என்பதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். மருந்து மாத்திரையைப் பற்றி நம்முடைய ஜனங்களுக்குள் பல அபிப்பிராயங்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர் அதை வெறும் வயிற்றோடு சேர்த்து ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

அண்ணனை இனி வரவிடமாட்டார்கள் என்று நினைத்தோம். மருத்துவரோ அவரை டிரெட்மில்லில் ஓடவிட்டு இருதயத்தைச் சோதித்தார், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றினார், "ஓடுங்க, ஆனா தனியா ஓடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நாற்பதைத் தாண்டின நாங்களும் அப்போதே போய்ச் சோதித்துக்கொண்டோம். இது பயந்தவர்கள் செய்கிற வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஜனங்களை ஓடவைத்த புஸ்தகத்தை 1977-ல் எழுதின ஜிம் ஃபிக்ஸ் என்பவர் 1984-ல் ஓட்டத்தின்போதே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 52. அவருடைய தகப்பனாரும் இருதய நோயால் 43 வயதிலேயே மரித்தவர். ஓடுகிறேன், ஆகையால் எனக்கு ஒன்றும் வராது என்பது ஒரு வஞ்சகமான நினைப்பு.

மருத்துவர் சொன்ன 'தனியா ஓடாதீங்க' என்கிற வார்த்தை எங்களைப் பிடித்துக்கொண்டது. நாலு பேராகத்தானே வந்தோம்? நாலு பேராக வந்தும் அவர் தனியாகத்தானே ஓடினார்?

இந்த இடத்தில் நியூசிலாந்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஆக்லாந்து நகரத்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் என்பது இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துபோகிற ஓட்டம். அதற்காக லிடியார்ட் அந்த ஸ்னெல்லை மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார்! முதலில் நிதானமாக நெடுந்தூரம் ஓடி அஸ்திபாரம் போடு, வேகத்தைப் பிறகு அதன்மேல் கட்டு என்பது அவருடைய முறை. இதே முறையில் ஊரிலுள்ள வயதானவர்களையும், மாரடைப்பு கண்டு பிழைத்தவர்களையும் கூட்டமாக மெல்லோட்டம் ஓடவைத்தார். அவர்களுக்கு அவர் கொடுத்த அளவுகோல் இதுதான்: பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள்.

1962 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து பில் பவர்மேன் என்கிற பெரிய பயிற்சியாளர் அங்கே போனார். பிற்காலத்தில் நைக்கி கம்பெனியை நிறுவின இருவரில் ஒருவர். அப்போது அவருக்கு 51 வயது. கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விரட்டி விரட்டிப் பழகினவர். அந்த முதியவர் கூட்டத்தோடு ஓடப்போய், சீக்கிரமே மூச்சு முட்டிப் பின்தங்கிவிட்டார். அப்போது எழுபது வயதைத் தாண்டின ஒருவர், மாரடைப்பு கண்டவர், தம்முடைய வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்து, பவர்மேன் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓடினார். பேசினது அவர் மட்டும்தான். பவர்மேனால் பதில் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பின அவர் தம்முடைய பட்டணத்து ஜனங்களை அதேபோல மெல்ல ஓடவைத்தார். 1967-ல் ஒரு இருதய மருத்துவரோடு சேர்ந்து ஜாகிங் பற்றிப் புஸ்தகமும் எழுதினார். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்ததில் அந்தப் புஸ்தகத்துக்கு முக்கியமான பங்கு உண்டு.

பின்னால் வந்த அந்த முதியவரைப் பாருங்கள். எங்கள் மெரினா கூட்டத்தில் அப்படித் திரும்பி வந்தவன் ஒருவனும் இல்லை. போதகனாகிய நானும் வரவில்லை.

அக்டோபரிலிருந்து முறையை மாற்றினோம். சனிக்கிழமை நீண்ட ஓட்டத்தில் அண்ணன்தான் முன்னால் ஓடவேண்டும். அவரை ஒருவரும் தாண்டக்கூடாது. அவர் பேச்சு நின்றால் எல்லாரும் நடக்கவேண்டும். அவர் இடுப்புப் பையில் குளுக்கோஸ் பாக்கெட். என்னிடமும் ஒன்று, ஏனென்றால் சர்க்கரை இறங்கினவருக்குத் தன் பையைத் திறக்கவேண்டும் என்கிற புத்தி வராது. புறப்படும் முன் இரண்டு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ. சுகர் பார்க்கிற சின்ன மிஷினும் கூடவே வந்தது.

தம்பிக்கு இது பெரிய உபத்திரவமாக இருந்தது. "இது ஓட்டமா பாஸ்டர்? மாட்டு வண்டிகூட நம்மள முந்திடும்" என்றார். ஆனால் அவருக்கே முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி தொடங்கி, படி இறங்க முடியாத நிலைமை வந்திருந்தது. இதிலே ஒரு ஞானம் இருக்கிறது, கவனியுங்கள். புதிதாக ஓட ஆரம்பிக்கிறவனுக்கு மூச்சும் இருதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநார்களும் பலப்படுவதற்கு மாதக்கணக்காகும். மூச்சு 'போ' என்கிறது, எலும்பு 'பொறு' என்கிறது. வாலிபர்கள் மூச்சின் பேச்சை மட்டும் கேட்கிறார்கள். தம்பி இரண்டு வாரம் ஓடாமல் சைக்கிள் மிதித்துவிட்டு, பிறகு அண்ணனுடைய வேகத்துக்கே வந்துசேர்ந்தார். அதன்பின் அந்த வலி அவரை மறிக்கவில்லை.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நாற்பது நிமிஷம். சனிக்கிழமை தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்தோம். மிதமான வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது தசைக்குள் மெல்லிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. ஆகையால் அந்த மாட்டு வண்டி வேகம் வீண்போகவில்லை. நவம்பர் மழையில் இரண்டு சனிக்கிழமை கெட்டுப்போயின. விட்டதைச் சேர்த்துப் பிடிக்க முயற்சி பண்ணாமல் விட்டுவிட்டோம். டிசம்பர் நடுவில் 18 கிலோமீட்டர் முடித்தோம். கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்தோம்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நிறையக் குடித்தால் நல்லது என்று வீட்டில் எல்லாரும் புத்தி சொல்லி அனுப்புவார்கள். 2002-ல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் உப்பு இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்துக்கு முன் இருந்ததைவிட எடை கூடி வந்தவர்கள், அதாவது தேவைக்குமேல் குடித்தவர்கள், அதில் அதிகம். நாலு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்ட மெதுவான ஓட்டக்காரர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். எங்களைப்போன்றவர்களுக்கு எழுதினதுபோல இருக்கிறது அல்லவா? தாகத்துக்குக் குடித்தோம், உப்புப் போட்ட மோர் கொண்டுபோனோம்.

ஜனவரி வந்தது. இருட்டிலே பெரிய ஜனக்கூட்டம், ஒலிபெருக்கி, பாட்டு. கூட்டத்தின் வேகம் ஒரு வெள்ளம், காலை வாரிக்கொண்டு போகும். முதல் கிலோமீட்டரில் ஆயிரம் பேர் எங்களைத் தாண்டினார்கள் என்றால் மிகையல்ல. அண்ணன் தன் மகள் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மண்டபம் பிடித்தது முதல் பந்தி விசாரித்தது வரைக்கும். 15-வது கிலோமீட்டரில் அவரே தம்பியைப் பார்த்து, "போடா, போ, உன் ஓட்டத்த ஓடு" என்றார். தம்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பாய்ந்துபோனார்.

17-ல் அண்ணன் பேச்சு நின்றது. மூன்று பேரும் நடந்தோம். மிஷினை எடுத்துப் பார்த்தோம், 84. ஒரு குளுக்கோஸ் பாக்கெட், கால் மணி நேர நடை, மறுபடி பார்த்தோம், 121. "சரி, எங்க விட்டேன்? ஆங்... சமையல்காரன் அட்வான்ஸ வாங்கிட்டு" என்று தொடர்ந்தார். மூன்று மணி பதினெட்டு நிமிஷத்தில் முடித்தோம். தம்பி முக்கால் மணி நேரத்துக்கு முன்னாலேயே வந்து, எங்களுக்காக மூன்று பொட்டலம் பொங்கல் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் ஏழு பேர் கூடுகிறோம். அந்த டீக்காரப் பெரியவர் காசு வாங்கமாட்டேன் என்று சொன்னதெல்லாம் முதல் மாதம்தான், இப்போது ஏழு டீக்கும் கணக்காக வாங்கிக்கொள்கிறார். புதிதாக வந்த ஒரு சகோதரி மூன்று நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடக்கிற கட்டத்தில் இருக்கிறார். அண்ணன் உட்பட நாங்கள் எல்லாரும் மூன்று நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடக்கிறோம்.