முதல் ஓட்டமும் முடிவில் ஓய்வும்



தர்மத்திற்காக ஓடுவது என்றால் நம் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். "மடியில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் போதாதா? ஓடுவானேன்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும், நம் செட்டிநாட்டிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடக்கும் நகரத்தாரும் வண்டி கிடைக்காமலா நடக்கிறார்கள்? சரீர உழைப்பும் சேரும்போது காணிக்கைக்குக் கனம் கூடுகிறது. பார்ப்பவர் மனமும் இளகுகிறது. ஒருவர் தம் கால்களைக் கொடுக்கிறார். அதைப் பார்த்துப் பலர் பணம் கொடுக்கிறார்கள். தர்ம ஓட்டம் என்பது இதுவே.

கடைசியாக வந்தவர்

கனடா நாட்டில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற வாலிபர் இருந்தார். 1977-ம் ஆண்டில், 18 வயதில், எலும்பில் புற்றுநோய் கண்டு, வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. மருத்துவமனையில் உடனிருந்த நோயாளிகளின், முக்கியமாகச் சிறுவர்களின், துன்பத்தை அவரால் மறக்க முடியவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டச் செயற்கைக் காலுடன் ஓடத் தீர்மானித்தார்.

1979 ஆகஸ்டில் அவர் கலந்துகொண்ட முதல் நெடுந்தூர ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அவருக்கு முன்னே வந்தவருக்கும் அவருக்கும் 10 நிமிட இடைவெளி. ஆயினும் மற்ற ஓட்டக்காரர்கள் கண்ணீரோடு கைதட்டி வரவேற்றார்கள்.

1980 ஏப்ரல் 12-ல் கனடாவின் கீழ்க்கரையிலிருந்து புறப்பட்டு, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1-ல், நோய் நுரையீரலுக்குப் பரவியதால், பாதி வழியில் நிறுத்த நேர்ந்தது. அதுவரை சேர்ந்தது சுமார் 17 லட்சம் டாலர். அவர் நின்ற ஒரு வாரத்திற்குள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் மட்டும் 1 கோடியே 5 லட்சம் டாலர் சேர்ந்தது. 1981 பிப்ரவரியில் மொத்தம் 2 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. கனடாவில் தலைக்கு ஒரு டாலர் என்ற அவர் ஆசை நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 28-ல், 22 வயதில், அவர் காலமானார். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அவர் பெயரால் ஓட்டம் நடந்திருக்கிறது.

கவனியுங்கள்: அவர் ஓடியபோது வந்ததைவிட, அவர் நின்றபின் வந்ததே அதிகம். அவர் கீழே வைத்ததை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தர்மம் நம் இரண்டு கால்களை மட்டும் நம்பி நிற்பதில்லை. இதை அறிந்தவன் மனநிறைவோடு ஓடுவான். மனநிறைவோடு ஓய்ந்தும் இருப்பான்.

முதன்முறை ஓடுகிறவர்களுக்கு

5 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு எட்டு வாரம் முன்பே பயிற்சி தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, சிறிது சிறிதாக ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். பேச்சு தடைப்படாமல் ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையே ஏற்றது. ஓட்டத்தன்று புதுக் காலணி வேண்டாம், கொப்புளம் வரும். இதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள், அது அவமானமல்ல. பிறரிடம் வாங்கும் பணத்தை ஒரு நோட்டில் எழுதி, கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுங்கள்.

இளைப்பாறும் வகை

டெர்ரி ஃபாக்ஸ் பயிற்சிக் காலத்தில் தாயார் கேட்டுக்கொண்டதால் கிறிஸ்மஸ் அன்று ஒரு நாள் மட்டுமே ஓய்ந்தாராம். அவருடைய அன்பைப் பின்பற்றுங்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர் தாயாரைப் பின்பற்றுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் மெல்ல நடங்கள். உப்பிட்ட நீர்மோரோ இளநீரோ பருகுங்கள். பிறகு இட்லி போன்ற எளிய உணவு. இரண்டு நாள் ஓட வேண்டாம். இரவில் நன்றாகத் தூங்குங்கள். தசை தன்னைச் சீர்செய்துகொள்வது ஓய்வில்தான்.

சரீரம் ஓய்ந்தாலும் மனம் ஓடிக்கொண்டிருந்தால் என்ன பயன்? மாலையில் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுத் திண்ணையில் வீட்டாரோடு பேசியிருங்கள். ஊருணிக்கரையில் காலாற நடங்கள். பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடுங்கள். எவ்வளவு நேரத்தில் ஓடினோம், அடுத்த வீட்டார் எவ்வளவு திரட்டினார் என்ற கணக்கை அன்று திறக்க வேண்டாம்.

களைத்துப்போய்ச் செடி நிழலில் படுத்த எலியாஸ் தீர்க்கதரிசியை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவிட்டார், பின் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், அதன் பிறகே அடுத்த வேலையைச் சொன்னார். அந்த வரிசையை நம் வீடுகளிலும் காப்போமாக.

குடும்பமாகச் சிந்திக்க

1. நாம் இல்லாவிட்டால் நடக்காது என்று நாம் விடாமல் சுமக்கும் காரியம் எது?
2. நம் வீட்டில் ஓய்வே இல்லாதவர் யார்? அம்மாவா, பாட்டியா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வேலையை யார் எடுத்துக்கொள்வது?