பெடல் பஞ்சு போல் அமிழ்கிறதா? பாகம் வாங்குமுன் பாருங்கள்

நமது வியாபாரிகளில் அநேகர் கடைக்கு மூட்டை ஏற்றவும் சந்தைக்குச் சரக்குக் கொண்டு செல்லவும் ஒரு பழைய கெப் வாகனத்தையே நம்பியிருக்கின்றனர். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், இருபது வருடம் தாண்டிய ஹைலக்ஸ்களும் எல்.200களும் இன்னமும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. இவற்றில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "பிரேக் அடிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது" என்பதாகும்.

இம்முறைப்பாட்டுடன் கராஜுக்குப் போனால் பல இடங்களில் உடனே கிடைக்கும் பதில், "மாஸ்டர் சிலிண்டர் மாத்தணும்". பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி, ரீகண்டிஷன் சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பூட்டி, இரண்டு நாள் ஓட்டமும் நின்றபின் பார்த்தால் பெடல் பழையபடியே அமிழும். பணமும் போய், பிரேக்கும் சரிவராத நிலை. பெடல் எந்த விதமாக அமிழ்கிறது என்பதை முதலில் கவனித்தால் பிழை இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இதற்குச் சதமும் செலவில்லை.

பிரேக் ஒயில் அமுக்கத்துக்குச் சுருங்காது. ஆகவே காலின் பலம் அப்படியே சில்லுக்குப் போய்ச் சேர்கிறது. குழாயினுள் காற்று புகுந்தால் அது சுருங்கும். பெடல் பஞ்சாவது இதனால்தான். ஆனால் காற்று மட்டுமே காரணமல்ல.

வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை மிதித்து பூஸ்டரிலுள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். சற்றுப் பொறுத்து ஒருமுறை மிதியுங்கள். பிறகு விரைவாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். அடிக்க அடிக்கப் பெடல் மேலே வந்தும் ஸ்பிரிங் போலத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. மேலே வந்து கல்லாக நின்றால் ஒயிலில் குறையில்லை. பெரும்பாலும் பின் ட்ரம்மில் லைனருக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. காலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ ஒயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்துவிட்டது. சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டியது இந்த மூன்றாவது நிலையில்தான்.

பூஸ்டர் பழுதானால் பெடல் கடினமாகுமே தவிர பஞ்சாகாது. பஞ்சுப் பெடலுக்கு பூஸ்டர் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

தாங்கியில் ஒயில் குறைகிறது, சில்லுகளின் உட்பக்கம் எங்குமே ஈரமில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கமாகக் கசிந்து பூஸ்டருக்குள் போகலாம். நிலத்தில் ஒரு சொட்டும் விழாது. இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய் வளையாமல் சிலிண்டரைச் சற்று முன்னே இழுத்துப் பார்த்தால் தெரியும்.

பின் ட்ரம் பிழையைத்தான் நம் பக்கத்தில் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். ஹைலக்ஸ் போன்ற பல ஜப்பான் கெப்களில் பின் லைனர் தானாக டைட் ஆவது ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதுதான். கியரில் போட்டு நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைத் தொடாத சாரதிகள் பலர். சேறும் உப்புக் காற்றும் பட்டு அந்த லீவரும் இறுகிவிடும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனரைச் சரியாக டைட் பண்ணினாலே பெடல் உயர்ந்துவிடும். இதற்கு எயார் எடுத்துப் பயனில்லை.

பாதையில் இறங்கும்போது மாத்திரம் பெடல் பஞ்சாகி, ஆறியபின் சரியாகிறதா? அது பழைய ஒயில். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகிவிடும். பாரத்துடன் றம்பொடைப் பக்கமோ கடுகண்ணாவையிலோ பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். கீழே கராஜில் பார்க்கும்போது எல்லாம் சரியாயிருக்கும். அடுத்த இறக்கத்தில் மீண்டும் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றி, இறங்கும்போது சிறிய கியரில் இறங்கினால் இது வராது. திறந்து மாதக்கணக்கில் கடையில் கிடந்த போத்தலை வாங்க வேண்டாம். பவர் ஸ்டியரிங் ஒயிலையோ எஞ்சின் ஒயிலையோ தவறியும் ஊற்றக்கூடாது. எல்லா றப்பரும் ஊதிவிடும். பிறகு அவை அத்தனையும் மாற்றியே ஆகவேண்டும்.

எயார் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லிலிருந்து தொடங்குவது வழக்கம். நமது நாட்டு வாகனங்களில் அது பின் இடது; பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதன்படி செய்யவும். பின் அச்சுக்கு மேலே பாரம் பார்த்து அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். சிலவற்றில் அதிலும் நிப்பிள் உண்டு. அதை மறந்தால் காற்று அங்கேயே தங்கிவிடும். அதிக மூட்டை ஏற்றுவதற்கென ஸ்பிரிங் பட்டை கூட்டியவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: வாகனம் உயர்ந்து நிற்பதால் அந்த வால்வு பாரமில்லை என்றே எண்ணி, பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

எவ்வளவு எடுத்தும் காற்றுத் தீரவில்லையானால் முன் கலிப்பர்களைப் பாருங்கள். வலமும் இடமும் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும், ஒயில் மட்டும் வெளியே வரும். பழைய வாகனத்தில் எயார் எடுக்கும்போது பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைப்பதும் நல்லது. பல வருடமாக றப்பர் ஓடாத, துரு ஏறிய பகுதிக்கு அது போனால் கிழிந்து, நல்ல சிலிண்டரும் கெட்டுவிடும். ஏ.பி.எஸ். உள்ள புதிய கெப்களில் சிலவேளை கணினிக் கருவியின்றி முழுக் காற்றும் வராது. அதற்கு உரிய கராஜுக்கே கொண்டு செல்லவும்.

பெடல் தரையைத் தொடும் நிலையிலுள்ள வாகனத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டாவது கராஜுக்குப் போகலாம் என நினைக்க வேண்டாம். பாஸை வாகனம் நிற்கும் இடத்துக்கு அழைப்பியுங்கள். "இரண்டு தரம் அடிச்சா பிடிக்குது" என்று சாரதி சொன்னால் அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒருநாள் வியாபாரம் நட்டமாகலாம்; ஆனால் அவருடைய உயிர் உங்கள் கையில் தரப்பட்ட அமானிதம். வாகனத்தை விற்பவரும் இக்குறையை வாங்குபவரிடம் மறைக்க மார்க்கத்தில் இடமில்லை. திருத்தியபின் முதல் ஓட்டம் பாரமில்லாமல், சமதரையில், கிட்டிய தூரத்துக்கு இருக்கட்டும். திரும்பி வந்ததும் தாங்கியின் மட்டத்தையும் நான்கு சில்லுகளின் உட்பக்கத்தையும் பார்த்த பின்னரே மூட்டை ஏற்றுங்கள்.