இரைச்சலும் பக்தியும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

லொங்குய்ய் நகரிலிருந்து மொன்றியலுக்கு மஞ்சள் தடச் சுரங்க ரயிலில் புறப்படுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் நிலையம் ஜான் திராப்போ. நதியின் நடுவே அமைந்த அந்தத் தீவுப் பூங்காவில் 2008ஆம் ஆண்டு ஹெவி மெட்டல் விழா ஒன்று தொடங்கியதையும், அப்பூங்காவின் கச்சேரி முழக்கம் நதியைத் தாண்டி வருகிறதென்று அயலூராகிய சென் லம்பேர் வாசிகள் நெடுங்காலம் முறையிட்டதையும் இக்கரையில் அறியாதார் இல்லை. மன்னாரைப் பூர்விகமாகக் கொண்ட கத்தோலிக்கத் தாயார் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த முறையீடோ மகனைப் பற்றியது: “அம்மம்மா மோசம்போன அண்டைக்கும் இவன் அழேல்லை, அண்ணை. கதவைச் சாத்திப்போட்டு உந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவன். வேதத்தை விட்டிட்டானோ?” அவருடைய அச்சத்தின் அடியில் கிடந்த அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: இது பிறப்பிலேயே சாத்தானின் சங்கீதம்.

உண்மை: இந்த இசைக்கு மூலபுருஷர்களாகக் கருதப்படும் பர்மிங்ஹாம் நகரத்து ‘பிளாக் சபாத்’ குழுவினர் கழுத்தில் அணிந்தவை பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் தந்தையார் செய்துகொடுத்த சிலுவைகள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த கீசர் பட்லர் அக்குழுவுக்கு எழுதி 1971இல் வெளிவந்த ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்னும் பாடல், விசுவாசத்தைப் பரிகசிப்போரையே கேள்வி கேட்கிறது. 1980களில் பிரசித்தி பெற்ற கலிபோர்னியாவின் ‘ஸ்ட்ரைப்பர்’ குழுவோ எசாயா ஆகமத்தின் 53ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தைத் தன் சின்னத்திலேயே பொறித்துக்கொண்டு, மேடையிலிருந்து சபையோரை நோக்கி வேதப் புத்தகங்களை வீசியது. சாத்தானைப் பாடிய குழுக்களும் உண்டு. அவர்கள் பாடியதனால் கிதாரும் முரசும் அவனுடைய சொத்தாகிவிடவில்லை.

நம்பிக்கை: மெட்டல் இசையில் ஒலிக்கும் ‘பிசாசின் இடைவெளி’யைத் திருச்சபை முற்காலத்தில் தடைசெய்திருந்தது.

உண்மை: பாடுவதற்குக் கடினமானதென்று பழைய கோயிற் பாடகர்கள் அதைத் தவிர்த்தார்களேயன்றி, திருச்சபை அதைத் தடைசெய்ததற்குச் சான்று கிடையாது, பிசாசின் பெயரை அதற்குச் சூட்டும் வழக்கமும் 18ஆம் நூற்றாண்டு இசை நூல்களில்தான் பரவுகிறது. நமது சங்கீத சாஸ்திரத்தில் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுவேயாதலால், அந்த இடைவெளியில் பிசாசு குடியிருக்குமானால் நம் கல்யாணி ராகத்திலும் அது குடியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: இதைக் கேட்பவனுக்குக் கோபம் மூளும்.

உண்மை: குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய இசையை விரும்பிக் கேட்கும் 39 பேரிடம் அவர்களுக்குக் கோபமூட்டிய சம்பவங்களை முதலில் பேசவைத்து, பின்பு ஒரு சாராரைத் தாமே தேர்ந்த இசையை 10 நிமிஷம் கேட்கவும் மற்றொரு சாராரை மௌனமாக அமரவும் செய்தார்கள். இசை கேட்டவர்களின் கோபம் வளரவில்லை. பகையுணர்வும் எரிச்சலும் மௌனத்தில் இருந்தவர்களுக்குத் தணிந்தது போலவே அவர்களுக்கும் தணிந்ததோடு, உற்சாகமும் கூடிற்று. விருப்பமில்லாத செவிக்கும் இதே பலன் விளையுமென்று இதிலிருந்து முடிவுகட்டுவது நியாயமாகாது.

நம்பிக்கை: பக்திக்கு அமைதியே தகும், ஓலத்துக்கு ஆராதனையில் இடமில்லை.

உண்மை: ஹெல்சிங்கியில் லூத்தரன் சபையார் 2006 முதல் தங்கள் ஞானப்பாடல்களை மெட்டல் வாத்தியங்களோடு பாடி ஆராதனை நடத்தியிருக்கிறார்கள். வேதாகமத்திலோ 150ஆம் சங்கீதம் பேரோசைக் கைத்தாளங்களை அழைக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் பெறாமல் இருளிலேயே முடிகிறது. துக்கத்தை உடனே துதியாக மாற்றிக்கொள்ள இயலாத விசுவாசிக்கு இந்த இரைச்சல் அளிக்கும் உபகாரம் இதுதான்: தேவசந்நிதியில் அழுவதற்கு அது அனுமதி தருகிறது. 1990களில் லூகேமியா நோயினால் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்ட ஆஸ்திரேலிய ‘மார்ட்டிஃபிகேஷன்’ குழுவின் ஸ்டீவ் ரோ, 1998இல் வெளியான இசைத்தொகுப்புக்கு ‘இரக்கத்தின் வெற்றி’ என்று பொருள்படப் பெயர் சூட்டினார்.

நம்பிக்கை: வரிகள் புனிதமாயின் சத்தம் எவ்வளவாயினும் கேடில்லை.

உண்மை: செவிப்பறை வேதம் வாசிப்பதில்லை. 100 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 15 நிமிஷத்துக்கு மேல் கேட்கலாகாதென்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர்களின் வரம்பு. விழாவுக்குச் செல்லும் பக்தரும் காதடைப்பான் அணிவதே விவேகம்.

இவ்வளவையும் சொல்லியபின், தவக்காலத்தில் ஊர்க் கோயிலில் என்ன வாசிப்பார்கள் என்று அத்தாயாரைக் கேட்டேன். வியாகுலப் பிரசங்கம் என்றார். யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்தப் புலம்பலை அழுகுரலில் ராகமிழுத்து வாசிக்கையில், தம் வீட்டுச் சாவுகளையும் சேர்த்து அழாத பெண்கள் உண்டோ என்று கேட்டபோது, அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அவன்ரை அறையிலை கேட்டதும் அதுதானோ?” என்றார்.