கையில் இருக்கிற மரத்தைப் பாரு



நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன செமஸ்டர் தேர்வில் கேள்வித்தாளைத் திருப்பினேன். படித்தது ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கை வேர்த்துப் போச்சு. 'பெயிலானால் கல்விக் கடனை எப்படிக் கட்டுவது, அம்மா முகத்தில் எப்படி முழிப்பது' என்றே மனம் ஓடியது. அந்தப் பாடம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, "படிப்பை விட்டுடுறேன்மா" என்றேன். அம்மா திட்டவில்லை. இருபது வருசம் பால்மரம் வெட்டியவர் அவர்.

"மரம் வெட்டும்போது கண்ணு கத்தி மேலேயே இருக்கணும்டா. இன்னும் எத்தனை மரம் பாக்கின்னு நினைச்சா கத்தி ஆழமா இறங்கிடும், மரம் காயமாயிடும். கையில இருக்கிற மரத்தைப் பாரு."

இன்று உலகம் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் இதை ஒரு பயிற்சியாக நோயாளிகளுக்குத் தொடங்கினார். புத்த தியானத்திலிருந்தும் யோகத்திலிருந்தும் எடுத்தது அது. நமக்கோ திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே மூச்சுப் பயிற்சியைச் சொல்லி வைத்திருக்கிறார்.

தினமும் 5 நிமிடம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. கைப்பேசியைத் தள்ளி வைத்து, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள்.
2. மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், படபடப்பு தணியும்.
3. மனம் ஓடும். ஓடட்டும். கோபப்படாமல் மறுபடி மூச்சுக்குக் கொண்டு வாருங்கள். அப்படித் திரும்பக் கொண்டு வருவதுதான் பயிற்சியே.

மலாக்கா பொய்யாத விநாயகர் கோவில் 1781-இல் எழுந்தது. வெள்ளிக்கிழமை அங்கே போனால், கும்பிட்டதும் ஓடிவராமல் நான் ஒரு தூணோரம் உட்கார்ந்துவிடுவேன். அந்த 5 நிமிடம் எனக்கு அங்கேதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இது படிப்புக்குப் பதில் ஆகாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. உடனே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்தப் பாடத்தை இந்த செமஸ்டர் மறுபடி எழுதினேன். பயம் வரத்தான் செய்தது. பேனாவைக் கீழே வைத்து மூன்று மூச்சு விட்டேன். பிறகு முதல் கேள்வியை மட்டும் பார்த்தேன். இந்த முறை தேறிவிட்டேன்.

நீங்களும் இன்றைக்கே தொடங்குங்கள். கையில் இருக்கிற மரம் முதலில்.